தலையாட்டினால் தெரியும் தூரம்

எங்கள் கேமரா பையில் இப்போது இரண்டே லென்ஸ்கள்தான் இருக்கின்றன. முப்பத்தைந்து ஒன்று, எண்பத்தைந்து ஒன்று. கல்யாணம் எடுக்கிற ஆட்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். "எழுபது இருநூறு இல்லாம எப்படி மேடம் சமாளிக்கறீங்க?" என்று கேட்கிறார்கள், ஏதோ நான் செருப்பில்லாமல் தார் ரோட்டில் நிற்பதுபோல. முன்பெல்லாம் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. அந்த நீள லென்ஸ் எனக்கு ஆகாது, அவ்வளவுதான். அதைப் பிடிவாதம் பிடித்து விற்க வைத்தது நான். அதற்காக என் கணவர் இன்றுவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

இந்த எண்களைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எண் சிறியதாக இருந்தால் ஆளுக்குப் பக்கத்தில் போய் நின்றுதான் படம் எடுக்க முடியும். எண் பெரியதாக ஆக ஆக எட்ட நின்றுகொண்டே முகத்தை மட்டும் உருவிக்கொள்ளலாம். எழுபதிலிருந்து இருநூறு வரை போகிற அந்த நீள லென்ஸ் இருந்தால் மண்டபத்தின் ஒரு மூலையில் நின்று மறு மூலையில் இருப்பவரின் மூக்குத்தியை எடுத்துவிடலாம். எடுத்தது அவருக்குத் தெரியவே தெரியாது. இதைத்தான் எல்லாரும் பெருமையாகச் சொல்கிறார்கள்.

நாங்கள் அயனம்பாக்கத்தில் குடியிருக்கிறோம். என் கணவர் ஆவடியில் பிறந்து வளர்ந்தவர், சிறு வயதிலிருந்தே கல்யாணப் படம் எடுப்பவர். நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் கணக்கெழுத வந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு விடுமுறை நாட்களில் அவருக்கு உதவியாகப் போய், பிறகு அதுவே என் வேலையாகிவிட்டது. பழைய கேமராவை விட்டுவிட்டு மிரர்லெஸ் என்கிற புது வகைக் கேமராவுக்கு மாறியபோது லென்ஸ்களையும் மாற்ற வேண்டி வந்தது. பழைய பையைத் திறந்து கொட்டினால் பாதி லென்ஸ்களுக்குள் பூஞ்சை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் கண்ணாடிக்குள்ளே ஊசிப்போன சோற்றின்மேல் படர்வது மாதிரி வெள்ளையாகப் படர்ந்திருந்தது. இவ்வளவையும் ஒரு ஏரிக்கரை வீட்டில் வாங்கிக் குவித்து, பாதியை வெளியே எடுக்காமலே அழுக விட்டிருக்கிறோம். இனிமேல் தேவையானது மட்டும்தான் என்று அன்றைக்கு இருவருமே முடிவு செய்தோம். எது தேவை என்பதில்தான் சண்டை.

அவர் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். காலையில் பல் விளக்கும்போது வீடியோ, சாப்பிடும்போது வீடியோ. ஒருவன் மூன்று லென்ஸ் போதும் என்பான், இன்னொருவன் இரண்டே போதும் என்று சொல்லிவிட்டுப் பின்னால் அலமாரி நிறைய அடுக்கி வைத்திருப்பான். கேட்கக் கேட்க எனக்கு ஒன்று மட்டும் விளங்கியது. இவர்கள் யாரும் எதிரே நிற்கிற ஆளைப் பற்றிப் பேசுவதே இல்லை. தூரத்திலிருந்து அடிக்கலாம், தெரியாமல் தூக்கலாம், அசந்த நேரத்தில் பிடிக்கலாம். கோழி திருடுகிறவன் பேச்சு மாதிரி இருந்தது.

ஏரிக்கரையில் நடக்கப் போகும்போதும் இதையே பார்க்கிறேன். பறவை எடுக்கிறோம் என்று முழங்கை நீளத்துக்கு லென்ஸ் மாட்டிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். ஒருநாள் அதில் ஒருவர், நாமக்கோழியை எடுத்துக்கொண்டிருந்தவர், அப்படியே லென்ஸைத் திருப்பி கரையில் நடந்து போகிற பெண்கள் பக்கம் வைத்தார். பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். நான் போய் அதன் முன்னால் நின்றேன். "இன்னாக்கா, டெஸ்ட்டு பண்ணிகினு கீறேன்," என்றார். நாமக்கோழியை வைத்தே டெஸ்ட் பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று முழுக்க உடம்பில் ஏதோ ஒட்டியிருப்பது போலவே இருந்தது.

என் வேலை பெண்கள் பக்கத்து வேலை. பூந்தமல்லியில் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் குடும்பத்தார் எப்போதோ வந்து, லேடி ஃபோட்டோகிராஃபர் இருக்கிறார்களா என்று விசாரித்தார்கள். அந்த நிக்காஹ்வுக்குப் போனேன். பிறகு ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குச் சொல்லி, சுற்றுவட்டாரத்தில் அவர்கள் வீட்டு விசேஷம் என்றால் என்னைக் கூப்பிடுகிறார்கள். மண்டபத்தை நடுவே திரை கட்டிப் பிரித்திருப்பார்கள். ஆண்கள் பக்கம் அவர், பெண்கள் பக்கம் நான். என் பக்கத்தில் எடுத்த படம் எந்த ஆண் கண்ணுக்கும் போகக்கூடாது, என் கணவர் உட்பட. நானே எடிட் பண்ணி, நானே கொண்டுபோய் வீட்டுப் பெண்கள் கையில் கொடுத்துவிடுவேன்.

திரைக்குப் பின்னால் ஏதோ சோகம் நடப்பதாக வெளியே இருப்பவர்கள் கற்பனை செய்துகொள்கிறார்கள். எனக்கு அவர்களைப் பார்த்தாலும் எரிச்சல் வரும். அங்கே நடக்கிற கிண்டலும் கூத்தும் ஆட்டமும் நான் வேறு எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை. முக்காடு தோளுக்கு இறங்கிவிடும், வளையல் கையை ஆட்டி ஆட்டி மாமியாரைப் போலப் பேசிக் காட்டுவார்கள். படம் வேண்டும் என்பவர்கள் தாங்களே வந்து நிற்பார்கள். வேண்டாதவர்கள் தலையை ஆட்டுவார்கள். நான் கேமராவைத் தூக்கி ஒரு மூச்சு விடும் நேரம் காத்திருப்பேன், தலை ஆடினால் இறக்கிவிடுவேன். யாரும் சொல்லித் தந்ததில்லை, அப்படியே பழகிவிட்டது. பழைய கேமராவில் 'டக்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் பக்கத்தில் இருப்பவள் சுதாரித்து, வேண்டாமென்றால் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொள்வாள். புதுக் கேமராவில் சத்தமே வராமல் எடுக்கலாம். நான் முதல் வேலையாக செட்டிங்ஸில் போய் சத்தத்தைப் போட்டுவிட்டேன்.

"சவுண்டே வராதுன்றதுதாம்மே இதோட கெத்தே," என்று தலையில் அடித்துக்கொண்டார் என் கணவர்.

லென்ஸையும் அதே மாதிரிதான் தேர்ந்தெடுத்தேன். வீட்டு மாடித் தாழ்வாரத்தில் பக்கத்து ஃப்ளாட் அம்மாவை நிறுத்தி வைத்து, ஒவ்வொரு லென்ஸுக்கும் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டியிருக்கிறது என்று பார்த்தேன். அந்த அம்மா மெல்லத் தலையாட்டினால் என் வெறும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எண்பத்தைந்து வரைக்கும் தெரிந்தது. அதற்கு மேல் எனக்கு வேண்டாம் என்றேன். ஒரு கூட்டமே வேண்டுமென்றால் முப்பத்தைந்து, ஒரு முகம் வேண்டுமென்றால் எண்பத்தைந்து. இந்த இரண்டும் போதும்.

"உனுக்குப் போதும். ஸ்டேஜுக்கு முன்னாடி வீடியோக்காரன் மறிச்சிகினு நிக்கறான், நான் எங்க போய் நிக்கறது? எழுபது இருநூறு இல்லாம நம்ம தொழில் ஓடாது," என்றார் அவர்.

அதில் நியாயம் இருந்தது. ஆண்கள் பக்கத்துக்கு மட்டும் என்று பேசி, அதையும் சேர்த்து மூன்றாக வாங்கினோம். என்னுடைய இரண்டும் கைக்கு அடக்கம். அவருடையது வெள்ளையாக, கனமாக, கழுத்தை இழுக்கும். அதை மாட்டிக்கொண்டு மண்டபத்தில் நடக்கும்போது அவருடைய நடையே மாறிவிட்டது.

அதற்குப் பிறகு மாங்காட்டுக்குப் போகிற சாலையில் ஒரு மண்டபத்தில் நிக்காஹ். மெட்ரோ வேலைப் புழுதியில் பூந்தமல்லியைத் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் என் தலைமுடியெல்லாம் மண். எங்களைப் பேசி ஏற்பாடு செய்தது பெண் வீட்டு மூத்த மாப்பிள்ளை. மைத்துனியின் கல்யாணத்தை ஓடி ஓடிச் செய்துகொண்டிருந்தார். மணப்பெண் அறையில் நான் பையைத் திறந்து கேமராவை எடுக்கும்போது அவருடைய மனைவி, மணப்பெண்ணின் அக்கா, என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள். முப்பது வயது இருக்கும். தலையில் ஸ்கார்ஃபை இறுக்கிக் கட்டி, மேலே நெட் துப்பட்டா.

"அக்கா, ஒரு விஷயம். எனக்கு கீமோ குடுத்துகினு இருக்காங்க. முடி ஃபுல்லா போயிடுச்சு. ஸ்கார்ஃபோட எவ்ளோ வேணா எடுங்க. எப்பனா கழட்டினா மட்டும் எடுக்காதீங்க. என் வூட்டுக்காரரே இன்னும் பாக்கல. தூங்கும்போது கூட கட்டிக்கினுதான் தூங்கறேன்."

"சத்தியமா எடுக்க மாட்டேம்மா," என்றேன்.

நிக்காஹ் முடிந்து ஆண்கள் மாடிக்குச் சாப்பிடப் போன நேரத்தில் ஏசி மக்கர் பண்ணியது. பெண்கள் பக்கத்தில் அனல். மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு கண்ணாடியில்லாத ஜன்னல், எங்கள் பக்கத்தைப் பார்த்தபடி இருக்கும். அதைத் துணி போட்டு மறைத்திருந்தார்கள். காற்றாவது வரட்டும் என்று மண்டபத்து ஆள் யாரோ அந்தத் துணியின் ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டிருக்கிறார். எங்கள் யாருக்கும் அது தெரியாது. நாங்கள் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தோம்.

அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஸ்கார்ஃபுக்குக் கீழே வியர்வை நெற்றியில் வழிந்து மையைக் கலைத்துக்கொண்டிருந்தது. அவளுடைய சின்னம்மா, "கழட்டிட்டு உக்காருடி. இங்க யாரு கீறா, நாமதானே?" என்றார். அவள் உடனே கழற்றவில்லை. என்னைப் பார்த்தாள். நான் பைக்குள் கைவிட்டு லென்ஸ் மூடியை எடுத்து, லென்ஸின் மேல் அழுத்தி மாட்டி, அவளுக்குத் தெரிகிற மாதிரி கேமராவைத் தூக்கிக் காட்டினேன். அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே ஸ்கார்ஃபை உருவினாள். யாரோ ஈரத் துண்டு கொண்டுவந்து தலையைத் துடைத்துவிட்டார்கள். "உரிச்ச தேங்கா மாதிரி ஜில்லுனு கீதுடி," என்று ஒரு கிழவி தடவிப் பார்த்தார். அவள் இன்னும் சிரித்தாள். எனக்கு அதை எடுக்கத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். மூடிய கேமராவைக் கட்டிப்பிடித்தபடி நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் காலை நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். ஹாலில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர், "மே, ஓடியா, ஓடியா. இத்தப் பாரேன்," என்று கூப்பிட்டார். கரண்டியோடு போய் நின்றேன்.

திரை முழுக்க அவள். மொட்டைத் தலையில் மேலிருந்து வெளிச்சம் வழிந்திருந்தது. ஸ்கார்ஃப் அப்போதுதான் கையில் இறங்கியிருந்தது. வாய் திறந்த சிரிப்பு, கண்ணோரத்தில் கரைந்த மை, புருவம் இருக்க வேண்டிய இடத்தில் பென்சில் கோடு. படத்தின் ஓரத்தில் மங்கலாக ஒரு முதுகும், தூக்கிய கையும், கையில் கறுப்பு மூடி மாட்டிய கேமராவும் தெரிந்தன. அது என் முதுகு. அவள் சிரித்தது என்னைப் பார்த்து.

"எங்கேருந்து எடுத்தீங்க?"

"மாடிப்படிலேர்ந்து. சாப்ட்டுட்டு எறங்கிகினு இருந்தேன், துணி அவுந்துகினு இருந்துச்சு. சும்மா லென்ஸ வெச்சுப் பாத்தேன். கேமராவே அவங்க கண்ணக் கண்டுபுடிச்சு ஃபோகஸ் கட்டம் போட்ருச்சு. இன்னா லைட்டு பாரு! இன்னா சிரிப்பு பாரு! காசு குடுத்து நடிக்கச் சொன்னாலும் வராதுமே இந்த எக்ஸ்பிரஷன்."

"அது பொம்பளைங்க பக்கம்."

"நான் இன்னா உள்ளயா பூந்தேன்? வெளியதான நின்னுகினு இருந்தேன்?"

அதை அவர் மனதாரச் சொன்னார், அதுதான் இன்னும் மோசம். இத்தனை வருடம் அந்தத் திரைகளுக்கு இந்தப் பக்கம் நின்று வேலை பார்த்தவர். திரை ஓரத்தில் யாராவது பையன் எட்டிப் பார்த்தால் அவரே அதட்டி அனுப்புவார். செருப்புக் கால் அந்தப் பக்கம் படக்கூடாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கால் தாண்டவில்லை என்றால் எதுவும் தாண்டவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். பேசிக்கொண்டே படத்தைப் பெரிதாக்கி, அவள் நெற்றியிலிருந்த வியர்வைத் துளிகளை மவுஸால் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். அந்த விரலைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"அழிங்க அதை. முதல்ல அழிங்க," என்றேன். அவள் என்னிடம் சொன்னதையெல்லாம் சொன்னேன். புருஷனே பார்த்ததில்லை என்பதையும் சொன்னேன். அவர் கை நின்றது.

"இப்ப சொன்னா? காலைலயே மூத்த மாப்ளைக்கு அனுப்ட்டேனே. நாலஞ்சு படம் அனுப்பச் சொன்னாரு, இதத்தான் மொதல்ல அனுப்பினேன்."

அடுப்பில் தோசை கருகுகிற வாசனை வந்தது. நான் நகரவில்லை. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, "புருஷந்தானே? வேத்தாளா இன்னா?" என்றார்.

அப்போதே பதில் வந்துவிட்டது. மூத்த மாப்பிள்ளை குரல் பதிவாகவே அனுப்பியிருந்தார். "அண்ணே, இப்பதான் பாத்தேன். என்னா சொல்றதுன்னே தெரியலண்ணே. இவ இப்படி சிரிச்சு நான் பாத்து ரொம்ப நாளாச்சு. பெருசா ஒரு பிரிண்ட் போட்டுக் குடுங்கண்ணே." நடுவில் குரல் உடைந்து, மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது.

என் கணவர் அதை இன்னொரு முறை போட்டார், ஒலியைக் கூட்டி. "கேட்டியாமே? அவரே அழுதுகினு தேங்க்ஸ் சொல்றாரு. உனுக்கு இன்னா நடுவுல?"

எனக்கு அந்த மாப்பிள்ளை மேல் கோபமே வரவில்லை. நல்ல மனிதர், மனைவியை நினைத்து அழுகிறார். அந்த அழுகையை இவர் நற்சான்றிதழ் மாதிரி என் மூஞ்சிக்கு நேரே ஆட்டிக் காட்டியதுதான் தாங்கவில்லை. படம் நன்றாக வேறு இருந்து தொலைத்தது. கோணல்மாணலாக, மங்கலாக இருந்திருந்தால் யாருமே பாராட்டியிருக்க மாட்டார்கள், தப்பு தப்பாகவே தெரிந்திருக்கும். அன்றைக்கு நான் அவரோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அடுத்த சில நாட்களும் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறையிலேயே நின்று சாப்பிட்டேன். அந்த வெள்ளை லென்ஸ் ஹால் மேசைமேல் நின்றுகொண்டிருந்தது. துடைக்கும்போது கூட நான் அதைத் தொடாமல் சுற்றித் துடைத்தேன்.

பெண்கள் பக்கத்துப் படங்கள் தயாரானதும் பென் டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனேன். கடைத்தெருவுக்குப் பின்னால் சந்தில் மூத்த மாப்பிள்ளையின் வீடு. வழியெல்லாம் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று யோசித்து, ஒன்றும் வராமலே போய்ச் சேர்ந்தேன். அவள்தான் கதவைத் திறந்தாள், ஸ்கார்ஃப் கட்டியபடி. உள்ளறைக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்து, ஃபேனைப் போட்டாள்.

"எனக்குத் தெரியாதும்மா. அது என் வீட்டுக்காரர்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியுங்க்கா. ஃபோட்டோலயே நீங்க மூடியோட நிக்கறீங்களே," என்றாள். "உங்க மேல கோவமே இல்ல. நீங்க மூடினதப் பாத்துட்டுத்தான கழட்டினேன்."

அப்படிச் சொல்லாமல் திட்டியிருக்கலாம் என்றிருந்தது எனக்கு. அவள் பென் டிரைவை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அவரு அழுதாருக்கா. அழகா கீறேன்னு சொன்னாரு. சந்தோஷமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. ஆனா நானே ஒரு நாளு அவருக்குக் காட்டணும்னு வெச்சிருந்தேன். முடி மொளைக்கறதுக்கு முன்னாடியே. டெய்லி கதவச் சாத்திகினு கண்ணாடி முன்னாடி நின்னு பாப்பேன், இன்னிக்கா, நாளைக்கான்னு. இந்த நோவு வந்ததுலேர்ந்து ஆபரேஷன் எப்ப, ஊசி எப்ப, இன்னா சாப்பிடணும், எல்லாம் யாரோ சொல்றாங்க, நான் செய்யறேன். இது ஒண்ணுதான் நானா செய்யலாம்னு இருந்தது."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் விடுவித்துக்கொள்ளவில்லை.

"நேத்து அவரே சொன்னாரு, 'வூட்ல எதுக்கு கட்டிகினு கீறே, கழட்டேன், நாந்தான் பாத்துட்டேனே'ன்னு."

"கழட்டினீங்களா?"

"கழட்டினேன். ஃபோன்லேர்ந்து நிமிந்து பாத்து, 'ஃபோட்டோல பாத்த மாதிரியேதான் கீறே'ன்னாரு," என்றாள்.